மைக்ரோவேவ் இணைப்பை மென்பொருளில் வடிவமைப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

இரண்டு டவர்களுக்கு இடையே மைக்ரோவேவ் இணைப்பு ஒன்றை அமைக்கும் முன், அது ஆண்டு முழுவதும் தடையின்றி இயங்குமா என்பதைக் கணினியிலேயே கணித்துப் பார்க்க உதவும் மென்பொருள்கள் பல இருக்கின்றன. நிலத்தின் மேடுபள்ளத்தை வரைந்து காட்டுவது, ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது, ஏற்பியை வந்தடையும் சிக்னலின் அளவைக் கணக்கிடுவது, மழையாலும் காற்று மண்டலத்தின் மாற்றங்களாலும் இணைப்பு எவ்வளவு நேரம் துண்டிக்கப்படும் என்று மதிப்பிடுவது, பக்கத்து இணைப்புகளால் குறுக்கீடு வருமா என்று பார்ப்பது ஆகிய ஐந்து வேலைகளை இவை செய்கின்றன. புதிதாக இத்துறைக்கு வருபவர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்; திரையில் வரும் எண் நம்பத்தக்கதா என்று அறிவதற்குத்தான் பயிற்சி தேவை. ஆகவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் மென்பொருள் என்ன செய்கிறது என்பதோடு, அதே விடையைக் காகிதத்தில் எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே இணைப்பைக் கடைசிவரை கொண்டு செல்வோம். காவிரி டெல்டாவின் சமவெளியில் 20 கி.மீ. இடைவெளியில் இரண்டு டவர்கள். நடுவே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும். அலைவெண் 15 கிகாஹெர்ட்ஸ். இது கற்பனை இணைப்புதான், ஆனால் இந்தியாவின் கைப்பேசி நிறுவனங்கள் டவர்களை ஒன்றோடொன்று இணைக்கப் பெரிதும் பயன்படுத்தும் அலைவரிசைகளுள் ஒன்று 15 கிகாஹெர்ட்ஸ் என்பதால், எண்கள் நடைமுறைக்கு நெருக்கமாகவே இருக்கும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு ரேடியோ மொபைல் நல்ல தொடக்கம். கனடாவைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர் ரோஜர் கூடே உருவாக்கி இலவசமாக வழங்கும் இம்மென்பொருள், நில உயரத் தரவைத் தானே இறக்கிக்கொண்டு பாதை வெட்டுமுகத்தை, அதாவது இரு முனைகளுக்கும் இடையே நிலத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தை, வரைந்து தரும். லினக்ஸ் பயனர்களுக்கு ஸ்ப்ளாட் என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ரேடியோ மொபைல் லாங்லி-ரைஸ் என்னும் கணிப்பு முறையைச் சார்ந்தது. 20 மெகாஹெர்ட்ஸ் முதல் 20 கிகாஹெர்ட்ஸ் வரை பொருந்தும் அம்முறையில் மழைக்கான கணக்கு இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே இடையில் மலை மறைக்கிறதா, தோராயமாக எவ்வளவு சிக்னல் வரும் என்பவற்றை அறிய இது போதும். 15 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு ஆண்டுத் தடை நேரத்தைக் கூற இது போதாது.

தொழில்முறையில் இயங்கும் அலுவலகங்களில் நீண்டகாலமாகப் புழங்கி வருவது கனடாவின் பாத்லாஸ் மென்பொருள். அது கட்டண மென்பொருள், உரிமம் மலிவானதன்று. கேம்பியம் நிறுவனத்தின் லிங்க்பிளானர் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்நிறுவனத்தின் கருவிகளுக்கு மட்டுமே கணக்கிடும். கருவித் தயாரிப்பாளர்கள் தரும் இத்தகைய மென்பொருள்களில் ஒரு பெரிய வசதி உண்டு: கருவியின் திறன், ஏற்பி வரம்பு (ஏற்பி வேலை செய்யத் தேவையான குறைந்தபட்ச சிக்னல்), ஆன்டெனாவின் ஈட்டம் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் அளவு) ஆகியவை ஏற்கெனவே உள்ளிடப்பட்டிருக்கும், தட்டச்சுப் பிழைக்கு இடமில்லை. என் பரிந்துரை, ரேடியோ மொபைலில் வெட்டுமுகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு லிங்க்பிளானர் போன்ற ஒன்றில் மழைக்கணக்கைப் பழகி, அதன்பின் பாத்லாஸுக்குச் செல்வது. அந்த வரிசையில் போனால் பாத்லாஸின் எண்ணற்ற கட்டங்கள் ஒவ்வொன்றும் எதற்கு என்பது விளங்கும்.

முதற்படி: இடத்தைச் சரியாகக் குறித்தல்

இரு முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை உள்ளிடுவதே முதல் வேலை. இதில் பிழை இருந்தால் பின்னால் வரும் எல்லாமே பிழை. ஒரு விகலை (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அட்சரேகை ஏறத்தாழ 31 மீட்டர். ஆகவே விகலையில் ஒரு தசம இடமாவது வேண்டும். பாகை-கலை-விகலை வடிவத்தில் வந்த எண்ணைத் தசமப் பாகை என்று எண்ணி உள்ளிடுவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை. 10 பாகை 45 கலை என்பது 10.75, அதை 10.45 என்று இட்டால் டவர் 33 கி.மீ. தள்ளிப் போய்விடும். ஒரு எளிய சோதனை: புள்ளியைச் செயற்கைக்கோள் படத்தில் திறந்து, டவரின் அடிப்பகுதியோ நிழலோ அங்கே தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பழைய நிலவரைபடங்களிலிருந்து எடுத்த இடக்குறிப்பு என்றால் இன்னொரு எச்சரிக்கை தேவை. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கான எவரெஸ்ட் நீள்வட்டம் என்னும் பழைய கணித மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை, ஜி.பி.எஸ். தருவது டபிள்யு.ஜி.எஸ்.84 என்னும் வேறொரு மாதிரியில். இரண்டையும் மாற்றாமல் கலந்தால் புள்ளி இடம்பெயர்ந்து விழும்.

உயரத்தில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. ஜி.பி.எஸ். கருவி அடிப்படையில் அளப்பது நீள்வட்டப் பரப்பிலிருந்தான உயரம். நாம் கடல்மட்டத்திலிருந்து என்று சொல்வது ஜியாய்டு, அதாவது சராசரிக் கடல்மட்டத்தை நிலத்துக்கு அடியிலும் நீட்டியதாகக் கொண்ட பரப்பிலிருந்தான உயரம். உலகிலேயே ஜியாய்டு மிகத் தாழ்ந்திருக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருப்பதால், தமிழ்நாட்டில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 90 மீட்டர் வேறுபாடு வருகிறது. டெல்டா வயல் ஒன்றில் நிற்கும் ஜி.பி.எஸ். கருவி திருத்தம் இன்றி எதிர்மறை உயரத்தைக் காட்டினால் கருவி பழுதன்று. மென்பொருளின் நிலத்தரவு கடல்மட்ட உயரத்தில் இருக்கும். அளவை செய்தவர் அனுப்பிய எண் எந்தப் பரப்பைச் சார்ந்தது என்று கேட்டு உறுதிசெய்த பின்னரே அதை உள்ளிட வேண்டும். இரு முனைகளுக்கும் நிலத்தரவிலிருந்தே உயரத்தை எடுத்துக்கொண்டு, அளவை எண்ணை ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இரண்டாம் படி: பாதை வெட்டுமுகமும் மரங்களும்

இலவச நிலத்தரவுகளுள் பெரும்பாலானோர் பயன்படுத்துவது எஸ்.ஆர்.டி.எம். எனப்படும் தொகுப்பு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பயணத்தில் ரேடார் மூலம் அளந்து சேகரித்த தரவு அது. ஏறத்தாழ 90 மீட்டர் இடைவெளியிலும் 30 மீட்டர் இடைவெளியிலும் இரு வடிவங்களில் கிடைக்கிறது. 30 மீட்டர் தரவையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த ரேடார் கண்டது வெறும் தரையை அன்று என்பதைப் புதியவர் முதலிலேயே மனத்தில் இருத்த வேண்டும். அடர்ந்த தோப்பின் மேல் விழுந்த ரேடார் அலை மரத்தின் இலைக்குள் ஓரளவு ஊடுருவி, தரைக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் உயரத்திலிருந்து திரும்பியிருக்கும். அதனால் தோப்பு இருக்கும் இடத்தில் நிலம் சில மீட்டர் மேடாகத் தெரியலாம். அதன்மேல் மரத்தின் முழு உயரத்தையும் கூட்டினால் ஒரு பகுதி இருமுறை சேர்ந்துவிடும். மரத்தைச் சேர்க்காமல் விட்டால் தோப்பின் மேற்பகுதி கணக்கிலேயே வராது. இரண்டில் முதல் பிழையின் விலை டவரில் சில மீட்டர். இரண்டாவதன் விலை வேலை செய்யாத இணைப்பு. ஆகவே முழு உயரத்தையும் கூட்டுவதே என் வழக்கம். மேலும், 2000-க்குப் பிறகு எழுந்த கட்டடமும் வளர்ந்த தோப்பும் அந்தத் தரவில் இருக்க வழியில்லை.

எனவே வெட்டுமுகம் திரையில் வந்தவுடன், செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் திறந்து, பாதைக் கோட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நகர்ந்து, தோப்பு, கட்டடம், நீர்த்தொட்டி, உயர் அழுத்த மின்கம்பிக் கோபுரம் ஆகியவற்றின் தொலைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அவற்றின் உயரத்தை நேரில் சென்று அளக்க வேண்டும். தென்னைக்கு 22 மீட்டர் என்று அளந்தால், இனி வளரப்போகும் வளர்ச்சிக்காக 3 மீட்டர் சேர்த்து 25 மீட்டர் என்று உள்ளிடலாம். இந்த வேலையை அலுவலகத்தில் அமர்ந்தபடி முடித்துவிட முடியாது. அடிக்கல் நாட்டும் முன் ஒருவர் அந்தப் பாதையில் நடந்தே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: ஆன்டெனா உயரம்

இரு ஆன்டெனாக்களுக்கும் இடையே பார்வைக்கோடு தடையில்லாமல் இருந்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரேடியோ அலை மெல்லிய கோடாகச் செல்வதில்லை; நடுவில் பருத்த ஒரு வெளியை அடைத்துக்கொண்டு செல்கிறது. அதன் முதல் வட்டத்தை முதல் ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். மரத்தின் உச்சி பார்வைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றாலே, கூர்மையான ஒற்றைத் தடைக்கு 6 டெசிபெல் இழப்பு (டெசிபெல் என்பது சிக்னல் வலிமையின் விகிதத்தைக் கூறும் அலகு; 6 குறைந்தால் கால் பங்கே மிஞ்சும்). வழுவழுப்பான பரந்த நிலம் தொட்டால் அதைவிடப் பல மடங்கு. அம்மண்டலத்தின் ஆரத்தில் 60 விழுக்காடு தடையின்றி இருந்தால் இழப்பு ஏறத்தாழ இல்லை எனலாம்.

ஆரத்தைக் காண ஒரு வாய்பாடு போதும்: இரு முனைகளிலிருந்தும் உள்ள தொலைவுகளைப் பெருக்கி, அதை அலைவெண்ணும் மொத்தத் தொலைவும் பெருகிய எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 17.3-ஆல் பெருக்க வேண்டும், தொலைவு கி.மீ.யில், அலைவெண் கிகாஹெர்ட்ஸில், விடை மீட்டரில். நம் இணைப்பின் நடுப்புள்ளியில் 10 × 10-ஐ 15 × 20-ஆல் வகுத்தால் 0.333, ஆரம் 10 மீட்டர்.

அடுத்தது பூமியின் வளைவு. காற்று மண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால், பூமி உள்ளதைவிடத் தட்டையாக இருப்பதுபோல் கணக்கிடலாம்; அந்த அளவைத்தான் கே என்னும் எண் குறிக்கிறது. சராசரிச் சூழலில் கே 4/3. சில இரவுகளிலும் விடியல்களிலும் காற்றின் அடுக்குகள் மாறும்போது அது 2/3 அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கி, பூமி மேலெழும்பி நடுவே நிற்பது போன்ற நிலை உண்டாகும். மென்பொருள் வருவதற்கு முன் பொறியாளர்கள் 4/3 வளைவு அச்சிடப்பட்ட சிறப்புத் தாளில் வெட்டுமுகத்தைக் கையால் வரைந்தார்கள். அந்தத் தாளில் ஒரு வெட்டுமுகத்தையாவது வரைந்து பார்த்தவர்களுக்குத் திரையில் கே எண்ணை மாற்றும்போது என்ன நடக்கிறது என்பது சட்டென்று புரியும்.

வளைவின் உயரம், இரு தொலைவுகளின் பெருக்கத்தை 12.74 × கே என்பதால் வகுத்தால் கிடைக்கும். நம் நடுப்புள்ளியில் கே 4/3 என்றால் 5.9 மீட்டர்; 2/3 என்றால் 11.8 மீட்டர். இப்போது நடைமுறையில் உள்ள இரு விதிகளையும் போட்டுப் பார்ப்போம். கே 4/3-இல் ஃப்ரெனல் ஆரம் முழுவதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது முதல் விதி: நடுப்புள்ளியில் தென்னந்தோப்பு நிற்பதாகக் கொண்டால், மரம் 25 + வளைவு 5.9 + ஆரம் 10 = 40.9 மீட்டர். கே 2/3-இல் 60 விழுக்காடு ஆரம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது இரண்டாவது: 25 + 11.8 + 6 = 42.8 மீட்டர். பெரியது எதுவோ அதுவே நமக்கு வேண்டியது. தட்டையான நிலத்தில் இரு முனையிலும் 43 மீட்டர். அதாவது 40 மீட்டர் டவர் இங்கே போதாது. முதல் விதியை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துபவர், கே எண் இறங்கும் நேரங்களுக்குப் போதிய இடம் விடாமல் டவரை எழுப்பிவிடுவார். மென்பொருளில் இரு கே எண்களையும் தனித்தனியே கொடுத்து, இரு கோடுகளையும் பாருங்கள்.

நான்காம் படி: இணைப்பின் வரவுசெலவு

இது நேரடியான கூட்டல் கழித்தல். வெற்றுவெளி இழப்பு, 92.45-உடன் அலைவெண்ணின் மடக்கையை 20 மடங்கும், தொலைவின் மடக்கையை 20 மடங்கும் கூட்டினால் வரும். 15 கிகாஹெர்ட்ஸ், 20 கி.மீ. என்பதற்கு 92.45 + 23.5 + 26.0, அதாவது 142 டெசிபெல். 1.2 மீட்டர் விட்டமுள்ள டிஷ் ஆன்டெனாவின் ஈட்டம் 55 விழுக்காடு திறனில் ஏறத்தாழ 42.9 டி.பி.ஐ. (எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் ஆன்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபெல்). கருவியின் வெளியீடு 20 டி.பி.எம். (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) என்றும், இணைப்பான்களில் மொத்தம் 1 டெசிபெல் இழப்பு என்றும், ஈரக்காற்றின் உறிஞ்சல் ஏறத்தாழ 1 டெசிபெல் என்றும் கொள்வோம். 20 + 42.9 + 42.9 − 142 − 1 − 1 = −38.2 டி.பி.எம். மறுமுனையில் வர வேண்டும்.

ஏற்பியின் வரம்பைத் தகவல்தாளிலிருந்து எடுக்க வேண்டும். 28 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 128 கியூ.ஏ.எம். என்னும் வேகமான பண்பேற்றத்துக்கு (தரவை அலையில் ஏற்றும் முறைக்கு) −70 டி.பி.எம்., கியூ.பி.எஸ்.கே. என்னும் மெதுவான எளிய பண்பேற்றத்துக்கு −86 டி.பி.எம். என்று கொண்டால், ஃபேட் மார்ஜின், அதாவது இணைப்பு அறும் முன் சிக்னல் குறையக்கூடிய அளவு, முறையே 31.8, 47.8 டெசிபெல். இன்றைய கருவிகள் சிக்னல் குறையும்போது தாமாகவே எளிய பண்பேற்றத்துக்கு இறங்கி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு இணைப்பைத் தக்கவைக்கும். ஆகவே முழு வேகம் எவ்வளவு நேரம், குறைந்த வேகமாவது எவ்வளவு நேரம் என்று இரண்டாகப் பிரித்தே கேட்க வேண்டும். தகவல்தாளில் உத்தரவாதம் அளிக்கப்பட்ட வரம்பு, வழக்கமான வரம்பு என்று இரு எண்கள் இருந்தால் உத்தரவாத எண்ணையே எடுங்கள்.

ஐந்தாம் படி: மழை

தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும் இணைப்பின் தலையெழுத்தை எழுதுவது வடகிழக்குப் பருவமழை. நாள் முழுக்கத் தூறுவதால் இணைப்பு அறுவதில்லை. சில நிமிடங்கள் கொட்டித் தீர்க்கும் மழைதான் அறுக்கிறது. ஆகவே மென்பொருள் கேட்பது ஆண்டு மழையளவை அன்று, ஆண்டில் 0.01 விழுக்காடு நேரம், அதாவது ஏறத்தாழ 53 நிமிடம், எந்த வேகத்தை மழை தாண்டுகிறது என்பதை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் பி.837 பரிந்துரை இதற்கான டிஜிட்டல் வரைபடத்தைத் தருகிறது. பழைய பதிப்புகளில் உலகம் எழுத்துகளால் குறிக்கப்பட்ட மழை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ‘N’ எழுத்து மண்டலத்துக்கான மணிக்கு 95 மி.மீ. என்னும் மதிப்பை எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்கொள்வோம்.

அந்த மழையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு இழப்பு என்பதை ஐ.டி.யு.வின் இன்னொரு பரிந்துரையான பி.838 தருகிறது. 15 கிகாஹெர்ட்ஸில் செங்குத்துத் துருவமுனைப்புக்கு (அலையின் மின்புலம் மேலும் கீழுமாக அசைவதற்கு) 5.8 டெசிபெல், கிடைமட்டத்துக்கு 7.5 டெசிபெல். விழும் மழைத்துளி பக்கவாட்டில் தட்டையாவதால் கிடைமட்ட அலை கூடுதலாகத் தேய்கிறது. 20 கி.மீ. முழுவதும் ஒரே நேரத்தில் அவ்வளவு கனத்த மழை பெய்யாது என்பதால், பாதையின் ஒரு பகுதியே நனைவதாகக் கொண்டு பி.530 ஒரு குறைப்பு எண்ணைக் கொடுக்கிறது.

இங்கேதான் மென்பொருள்கள் ஒன்றோடொன்று வேறுபடுகின்றன. பி.530-இன் பழைய பதிப்புகளில் இருந்த வாய்பாட்டின்படி நனையும் நீளம் 5.9 கி.மீ.; செங்குத்து அலைக்கு இழப்பு 34 டெசிபெல். பின்னர் வந்த பதிப்புகளில் அந்த வாய்பாடு மாற்றப்பட்டது. புதியதன்படி நனையும் நீளம் 8.9 கி.மீ., இழப்பு 52 டெசிபெல். அதே நிலம், அதே மழை, அதே கருவி. 18 டெசிபெல் வேறுபாடு. பழைய வாய்பாட்டை நம்பினால் 47.8 மார்ஜின் கொண்ட கியூ.பி.எஸ்.கே. இணைப்பு வசதியாகத் தாங்கும். புதியதை நம்பினால் ஆண்டில் 53 நிமிடத்துக்கும் மேல் முற்றாகத் துண்டிக்கப்படும். ஆகவே மென்பொருளின் அமைப்புகளில் எந்தப் பரிந்துரையின் எந்தப் பதிப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இரு நிறுவனங்கள் தந்த வடிவமைப்புகளை ஒப்பிடும்போது, டிஷ் அளவில் வேறுபாடு தெரிந்தால், விலையைப் பேசும் முன் இந்தப் பதிப்பெண்ணைக் கேளுங்கள். வேறுபாட்டின் காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

புதிய வாய்பாட்டை ஏற்றுக்கொண்டால் நம் இணைப்பை எப்படிக் காப்பாற்றுவது? மூன்று வழிகளையும் மென்பொருளில் நகல் எடுத்துத் தனித்தனியே ஓட்டிப் பார்க்கலாம்.

டிஷ்ஷை 1.8 மீட்டராக்கினால் இரு முனையிலும் 3.5 டெசிபெல் கூடி, கியூ.பி.எஸ்.கே. மார்ஜின் 54.8 ஆகும்; 52-ஐத் தாண்டிவிட்டது, ஆனால் முழு வேகம் கிடைக்காது. மேலும் பெரிய டிஷ் காற்றில் டவரின் மேல் ஏற்றும் சுமை மிகுதி. புயல் வரும் கடலோரத்தில் டவர் பொறியாளரைக் கேட்காமல் இதை முடிவு செய்யக் கூடாது. நடுவே ஒரு டவர் அமைத்து 10 கி.மீ. வீதம் இரு ஹாப்களாக்கினால், ஒவ்வொன்றிலும் மழை இழப்பு 32.5 டெசிபெல்லாகக் குறைய, 128 கியூ.ஏ.எம். மார்ஜின் 38.3 ஆக உயரும், 1.2 மீட்டர் டிஷ்ஷிலேயே முழு வேகம் நிற்கும், ஆன்டெனா உயரமும் 34 மீட்டருக்கு இறங்கும். ஆனால் ஒரு புதிய டவர், அதற்கான நிலம், மின்சாரம், வாடகை. மூன்றாவது, 7 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது. அங்கே அதே மழையில் முழு இழப்பே 9 டெசிபெல் அளவுதான். 26 டெசிபெல் மார்ஜினில் 128 கியூ.ஏ.எம். தாராளமாக நிற்கும். விலை என்னவென்றால் ஃப்ரெனல் ஆரம் 14.6 மீட்டராகி, ஆன்டெனா 46 மீட்டருக்கு ஏற வேண்டும்; அந்த அலைவரிசைக்கு உரிமமும் கிடைக்க வேண்டும். நடுவே ஏற்கெனவே ஒரு டவர் நிற்குமானால் நான் இரு ஹாப்களையே தேர்ந்தெடுப்பேன்.

துருவமுனைப்பைச் செங்குத்தாக வைப்பது எதற்கும் செலவில்லாத திருத்தம். நம் 20 கி.மீ. பாதையில் கிடைமட்டத்தை எடுத்திருந்தால் 52 என்பது 62 ஆகியிருக்கும்.

ஆறாம் படி: பல்வழி மங்கலும் வயல்நீரும்

மழையே இல்லாத, காற்றசையாத இரவுகளிலும் சிக்னல் சரியும். காற்றின் வெவ்வேறு அடுக்குகள் வழியாக வளைந்து வரும் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் வருவது இது. தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், இணைப்பின் நீளத்தை இரட்டித்தால் மங்கல் எட்டு மடங்காகும். மென்பொருள் பி.530 வழியே கணக்கிடும். கைக்கணக்குக்கு பழைய விகான்ட்ஸ்-பார்னெட் வாய்பாடு போதும். ஈரமான சமவெளிக்கான காரணி 4-ஐ இட்டால், 31.8 டெசிபெல் மார்ஜினில் மோசமான மாதத்தில் ஏறத்தாழ 8 நிமிடம் முழு வேகம் போகும், கியூ.பி.எஸ்.கே.யின் 47.8 மார்ஜினில் அது சுமார் 12 விநாடிதான். 15 கிகாஹெர்ட்ஸில் மழையே பெரும் பகை என்பதும், 7 கிகாஹெர்ட்ஸில் நீண்ட பாதைகளில் இது முந்திக்கொள்ளும் என்பதும் இரு எண்களையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். மழை கொட்டும்போது காற்றடுக்குகள் கலைந்துவிடுவதால் இரண்டும் ஒன்றாக வருவதில்லை; எனவே தடை நேரங்களைத் தனித்தனியே கணித்துக் கூட்டுவார்கள்.

டெல்டாவுக்கு உரிய ஒரு சிக்கல், வயலில் தேங்கி நிற்கும் நீர். கோடையில் வறண்டு கிடக்கும் நிலம் சம்பா நடவுக்குப் பின் நீர்ப்பரப்பாகி, அலையைத் தெளிவாக எதிரொளிக்கும். எதிரொளித்த அலையும் நேரே வந்த அலையும் கூடும்போது சிக்னல் கூடவும் செய்யும், அடியோடு குறையவும் செய்யும். 43 மீட்டர் உயரத்தில், 20 கி.மீ. தொலைவில், 15 கிகாஹெர்ட்ஸில், ஆன்டெனாவை இரண்டு மூன்று மீட்டர் ஏற்றி இறக்கினாலே உச்சத்திலிருந்து பள்ளத்துக்குப் போய்விடலாம். கே எண் மாறும்போது இந்தப் பள்ளங்களும் நகரும். கோடையில் அமைத்து, சோதித்து, ஒப்படைத்த இணைப்பு ஐப்பசியில் தடுமாறினால் மழையை மட்டுமே குறை சொல்லிவிட முடியாது. மென்பொருளின் எதிரொளிப்புப் பகுப்பாய்வில் எதிரொளிக்கும் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு முனையை உயர்த்தி மறுமுனையைத் தாழ்த்தினால் அந்தப் புள்ளி தாழ்ந்த முனையை நோக்கி நகரும். அதை வயலிலிருந்து தோப்புக்குள் தள்ள முடிந்தால், மரங்களே அந்த அலையைச் சிதறடித்துவிடும். இடம் அதற்கு உதவாவிட்டால் ஒரே டவரில் மேலும் கீழுமாக இரு ஆன்டெனாக்கள் வைத்துச் சிறந்த சிக்னலை எடுத்துக்கொள்ளும் முறை இருக்கிறது.

ஏழாம் படி: குறுக்கீடும் அனுமதியும்

ஒவ்வொரு இணைப்பும் போக ஒன்று, வர ஒன்று என இரு அலைவெண்களைக் கொண்டது. ஒரு டவரில் ஒரே அலைவரிசையில் இயங்கும் கருவிகள் எல்லாம் அதன் உயர்பாதியிலோ, எல்லாம் கீழ்ப்பாதியிலோ அனுப்ப வேண்டும். ஒன்று உயர்பாதியிலும் மற்றொன்று கீழ்ப்பாதியிலும் அனுப்பினால் ஒன்றின் கூச்சலில் மற்றதன் காது அடைத்துவிடும். மூன்று டவர்களை முக்கோணமாக இணைக்கும்போது இந்த விதி உடைந்துவிடுவதை மென்பொருளின் வலைப்படம் சிவப்பில் காட்டும். குறுக்கீட்டுக் கணக்குக்கு ஆன்டெனாவின் முழுக் கதிர்வீச்சுக் கோப்பை (எந்தத் திசையில் எவ்வளவு அனுப்புகிறது என்னும் தரவை) உற்பத்தியாளரிடமிருந்து பெற்று ஏற்ற வேண்டும்.

மென்பொருளின் அறிக்கை உரிமமாகிவிடாது. இந்தியாவில் அலைவெண் ஒதுக்கீடு தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யு.பி.சி. பிரிவின் கீழும், டவர் அமைவிட அனுமதி சாக்ஃபா குழுவின் கீழும் வருகின்றன. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை அணுக வேண்டும். விண்ணப்பத்தில் தரும் இடக்குறிப்பும் உயரமும் மென்பொருளில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: களத்தில் ஒப்பிடுதல்

1.2 மீட்டர் டிஷ்ஷின் கதிர் 15 கிகாஹெர்ட்ஸில் 1.2 பாகை அகலம்தான். மென்பொருள் தரும் திசைக்கோணம் மெய்வடக்கிலிருந்து. திசைகாட்டி காட்டுவது காந்தவடக்கு, அதுவும் இரும்பு டவரின் அருகில் நம்பத்தக்கதன்று. ஆகவே செயற்கைக்கோள் படத்தில் பாதைக்கோடு கடக்கும் கோயில் கோபுரம் போன்ற ஓர் அடையாளத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு டவர் ஏறுவது நல்லது.

டிஷ்ஷைத் திருப்பி முடித்தபின் ஏற்பி காட்டும் எண்ணை நம் −38.2-உடன் ஒப்பிட வேண்டும். இரண்டு, மூன்று டெசிபெல்லுக்குள் இருந்தால் ஏற்கலாம். 20 டெசிபெல்லுக்கு மேல் குறைந்தால், பெரும்பாலும் ஆன்டெனா முதன்மைக் கதிரில் நிற்காமல், அதன் பக்கத்தே கசியும் வலுக்குறைந்த பக்கக் கதிரில் பூட்டியிருக்கும். உச்சம் கண்டுவிட்டதாக நினைக்காமல் இரு பக்கமும் பல பாகைகள் திருப்பிப் பார்க்க வேண்டும். 25 முதல் 30 டெசிபெல் குறைந்து, எவ்வளவு திருப்பினாலும் ஏறவில்லை என்றால், ஒரு முனையில் துருவமுனைப்பு 90 பாகை மாறிப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏழெட்டு டெசிபெல் மட்டும் குறைவு என்றால் பாதையில் ஏதோ ஒன்று ஃப்ரெனல் மண்டலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடும். இரண்டாம் படியில் விட்டுப்போன தோப்பு எது என்று தேட வேண்டிய நேரம் அது.

அளந்த எண், நாள், நேரம், வானிலை, வயலில் நீர் இருந்ததா என்பது ஆகிய அனைத்தையும் மென்பொருளின் கோப்பிலேயே குறிப்பாக எழுதிச் சேமியுங்கள். இரண்டு ஆண்டு கழித்து இணைப்பு தடுமாறத் தொடங்கும்போது, டிஷ் காற்றில் அசைந்துவிட்டதா, தென்னை வளர்ந்துவிட்டதா என்று பிரித்தறிய அடுத்து வரும் பொறியாளருக்கு அந்தக் குறிப்புதான் உதவும்.